வாசகனைத் தேடிப் போன கணக்கு வாத்தியார்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நம் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு, கிளை நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கில் தொடங்கி நூலகத்தில் போய் நின்ற இன்னொருவர் இருக்கிறார். அவர் மலை, நான் மடு. ஆனாலும் அவர் போட்ட பாதையில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நன்றிக்காக இதை எழுதுகிறேன். சீயாழி இராமாமிருத ரங்கநாதன், அதாவது எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலகத் துறையின் தந்தை என்று எல்லோரும் சொல்கிறவர்.

பொது அறிவுப் புத்தகத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். ஐந்து விதிகள் வகுத்தார், கோலன் பகுப்புமுறையைக் கண்டுபிடித்தார் என்று இருக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அவர் எதற்காக அதையெல்லாம் செய்தார் என்பதுதான் முக்கியம். நூலகத்துக்குள் வராதவர்களை, வரத் தயங்குகிறவர்களை, வந்தாலும் தன் மொழியில் ஒன்றும் இல்லையே என்று திரும்பிப் போகிறவர்களை எப்படி உள்ளே கொண்டு வருவது? அவர் செய்ததையெல்லாம் இந்த ஒரு கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

சீர்காழிப் பையன்

1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தஞ்சைச் சீமையில் பிறந்தவர் ரங்கநாதன். அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12தான் இன்று நம் நாட்டில் நூலகர் தினம். அப்பா இராமாமிருத ஐயர் கொஞ்சம் நஞ்சை நிலம் வைத்திருந்தவர். ஊரில் சிலரைக் கூட்டி உட்கார வைத்து இராமாயணம் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. பையனுக்கு ஆறு வயது ஆவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் தாத்தாவும்தான் வளர்த்தார்கள். தாத்தா பள்ளிக்கூட வாத்தியார்.

படித்தது சீர்காழியில் இந்து உயர்நிலைப் பள்ளி. இந்து கல்லூரிக்காரர்களான நாம் இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம், தப்பில்லை. சின்ன வயதில் அவருக்குப் பேச்சு திக்கும். உடம்பும் அவ்வளவு திடமில்லை. அந்தப் பையன் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்து கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்தார். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி. 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு சொல்லிக் கொடுத்தார். திக்குவாய்ப் பையன் கல்லூரி வாத்தியாரானார் என்பதை, மேடை ஏறக் கூச்சப்படும் நம் தம்பிமார்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும்.

பிடிக்காமல் போன வேலை

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகர் தேவைப்பட்டது. வாத்தியார் சம்பளத்தை விட அதில் சம்பளம் கூடுதல். ரங்கநாதன் மனுப் போட்டார், கிடைத்தது. 1924 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். சில நாட்களிலேயே வெறுத்துப் போய்விட்டது. வகுப்பு நிறையப் பையன்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆள் வராத அறையில் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பழைய வேலையே கொடுத்துவிடுங்கள் என்று மாநிலக் கல்லூரிக்குப் போய் மன்றாடினார். முதலில் இங்கிலாந்து போய் நூலகப் படிப்பு படித்துவிட்டு வா, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

ஆள் வராத இடம் பிடிக்காமல்தானே அவர் வெளியே ஓடப் பார்த்தார்? ஆள் வரவழைப்பதுதான் இந்த வேலையே என்று தெரிந்த பிறகு அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசையவில்லை.

லண்டனில் யுனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். குரோய்டன் நகரத்தின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டி. புத்தகப் படிப்பு ஒரு பக்கம் இருக்க, நூறுக்கு மேற்பட்ட நூலகங்களை அவர் நேரில் சுற்றிப் பார்த்தார். அங்கே சாதாரணத் தொழிலாளி வேலை முடிந்து வந்து புத்தகம் எடுக்கிறான், பெண்கள் வருகிறார்கள், குழந்தைகளுக்கென்று தனி அறை இருக்கிறது. இதையெல்லாம் பார்த்ததும், நம்ம ஊரில் ஏன் இப்படி இல்லை என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. கணக்கு வாத்தியார் அங்கேயே நூலகராகிவிட்டார்.

அந்த ஊர் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் அவர் கண்ணில் பட்டது ஒரு மெக்கானோ விளையாட்டுப் பெட்டி. அதே பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை கிரேன், ஒரு தடவை வண்டி. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டலாமே என்று தோன்றியது. அந்தப் பூட்டு ஆணிதான் கோலன் என்ற முக்காற்புள்ளி. 1925இல் கப்பலில் திரும்பி வரும்போது, கப்பல் நூலகத்தில் இருந்த புத்தகங்களையே வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார். 1933இல் அது புத்தகமாக வெளிவந்தது.

31, 35, 152, 123

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். நூலகப் படிப்பு படிக்காதவர்களுக்கும் இது புரியும்.

அந்நாளில் உலகம் முழுக்கச் செல்வாக்காக இருந்தது அமெரிக்கர் மெல்வில் டூயி செய்த தசமப் பகுப்பு. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று ஒரு சுகமான நாற்காலி. நம் தமிழ் இலக்கியம் எங்கே என்று தேடினால், 894.811 என்று மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. டூயி கெட்டவர் இல்லை. தன் ஊர் வாசகனை மனதில் வைத்து நாற்காலி போட்டார், அவ்வளவுதான்.

ரங்கநாதன் போட்ட வரிசையில் மொழிகளுக்கெல்லாம் ஒவ்வொரு எண் உண்டு. தமிழுக்கு 31, தெலுங்குக்கு 35, இந்திக்கு 152, ஆங்கிலத்துக்கு 111, ஸ்பானிய மொழிக்கு 123. அதோடு அவர் விடவில்லை. ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் அதிகம் புழங்கும் மொழியைத் தன் செல்ல மொழியாக வைத்துக்கொள்ளலாம், அந்த மொழிப் புத்தகத்துக்கு மொழி எண்ணே போட வேண்டாம் என்றும் வழி செய்தார். மன்னார்குடி நூலகத்துக்குத் தமிழ் செல்லம், குண்டூர் நூலகத்துக்குத் தெலுங்கு செல்லம். எந்த மொழிக்காரனும் விருந்தாளி மாதிரி ஓரமாக நிற்க வேண்டியதில்லை. இதை நான் வெறும் எண் கணக்காகப் பார்க்கவில்லை. நாளைக்கு யார் கதவைத் தட்டினாலும் அவர்களுக்கு ஒரு இடம் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு வாத்தியார் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு அது.

ஐந்து விதியும் ஒரு மாட்டு வண்டியும்

ஊர் திரும்பியவர் பல்கலைக்கழக நூலகத்தைத் தலைகீழாக மாற்றினார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார், விடுமுறை நாளிலும் திறந்தார். வாசகர் அலமாரி வரைக்கும் தானே போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்றார். தேடி வருகிறவருக்குக் கூடவே நின்று உதவ ஆள் போட்டார்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த கோடிப் பேர்? அவர்களுக்காக 1928இல் சென்னை நூலகச் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு ஓடியாடி வேலை செய்த செயலாளர் அவர். அந்த வருஷமே அவருக்குப் பெரிய இடி விழுந்தது. மனைவி ருக்மிணி திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். மறு வருஷம் சாரதா அம்மாளை மணந்தார். கல்யாணத்தன்றுகூட நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று துறையில் கதை சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று எங்களைப் போன்றவர்களின் மனைவிமாரைத்தான் கேட்க வேண்டும். சங்கம் 1929 கோடையில் நூலகர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்த ஆரம்பித்தது.

1931இல் ஐந்து விதிகள் நூல் வந்தது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். புத்தகம் என்பது பூட்டி வைக்கும் நகை அல்ல, புழங்க வேண்டியது. யாராக இருந்தாலும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைத்தாக வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும். வருகிறவர் நேரத்தை வீணடிக்கக் கூடாது. நூலகம் பயிர் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்குத் தக்கபடி நாமும் மாற வேண்டும்.

இரண்டாவது விதியை விளக்கும்போதுதான் ரங்கநாதன் நெஞ்சு திறக்கிறது. படித்தவனுக்கு மட்டும் புத்தகமா, பெண்களுக்கு இல்லையா, கிராமத்தானுக்கு இல்லையா, கண் தெரியாதவருக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு, சிறையில் இருப்பவருக்கு இல்லையா என்று ஒவ்வொருவராகக் கைப்பிடித்து முன்னால் கொண்டு வந்து நிறுத்துகிறார். எழுத்துத் தெரியாதவரைக்கூட அவர் விடவில்லை. வாசித்துக் காட்ட ஒருவர் இருந்தால் அவரும் வாசகர்தான். இதை எழுதும்போது, ஊராரைக் கூட்டி இராமாயணம் சொன்ன அப்பா அவர் மனதில் வந்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

எழுதிய மை காய்வதற்குள் செயலும் வந்தது. அதே 1931 அக்டோபர் 21 அன்று, மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதன் பரப்பிய எண்ணம் அது. விதை நெல்லும் உப்பும் வந்து இறங்கும் ஊருக்குள் தமிழ்ப் புத்தகமும் வந்து இறங்கியது. உங்கள் ஊருக்கு நூலகம் இல்லையா, நூலகமே உங்கள் ஊருக்கு வரும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்.

இதே காலத்தில் நியூயார்க்கில்

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நம் பழைய மாணவர்களில் பலர் இன்று அமெரிக்காவில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் பகுதிக்குப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. வீட்டில் ஸ்பானிய மொழி, நூலகத்திலோ எல்லாம் ஆங்கிலம். இது நமக்கான இடம் இல்லை போலிருக்கிறது என்று அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். 1921இல் அந்த நூலகத்தில் பூரா பெல்ப்ரே என்ற போர்ட்டோ ரிக்கோப் பெண் வேலைக்குச் சேர்ந்தார். தன் பாட்டி சொன்ன கதைகளை அவர் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியில் சொன்னார், பொம்மலாட்டம் போட்டார். அந்த மக்களின் மூன்று ராஜாக்கள் பண்டிகையை நூலகத்திலேயே கொண்டாட வைத்தார். பிள்ளைகள் முதலில் வந்தார்கள், பின்னாலேயே அம்மாக்கள் வந்தார்கள். ஒரு கரப்பான்பூச்சியும் ஓர் எலியும் வரும் கதையை 1932இல் புத்தகமாகவும் போட்டார். 1971இல் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கான நூலகப் பணிக்கென்றே ரெஃபார்மா என்ற சங்கம் அங்கே தோன்றியது. 1996 முதல் பெல்ப்ரே அம்மையார் பெயரில் குழந்தை நூல்களுக்கு விருது கொடுக்கிறார்கள்.

மன்னார்குடி மாட்டு வண்டியும் ஹார்லெம் பொம்மலாட்டமும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஆனால் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. வாசகன் படி ஏறுவான் என்று காத்திருக்காமல் நூலகம் படி இறங்கி வந்தது, அதுவும் அவன் மொழியில் பேசிக்கொண்டு வந்தது.

அரையணாச் சட்டம்

நல்ல மனசு மட்டும் இருந்தால் நூலகம் நடக்காது, பணம் வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாதா? 1930 டிசம்பரில் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். சென்னைச் சட்டசபையில் 1933இல் பஷீர் அகமது சயீது நூலக மசோதா கொண்டு வந்தார், நிறைவேறவில்லை. ரங்கநாதன் சளைக்கவில்லை. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வரி ரூபாய் ஒன்றுக்கு 6 பை, அதாவது அரையணா, நூலக வரி. பணக்காரர் தருமம் செய்தால்தான் நூலகம் என்ற நிலை போய், நூலகம் மக்களின் உரிமை ஆனது. இன்றைக்கு அந்த வரி ரூபாய்க்கு 10 பைசா. பட்டாபிராமில் வீடு வைத்திருக்கும் நண்பர்கள் ஆவடி மாநகராட்சி வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நீங்களும் நூலகத்தின் பங்குதாரர்தான்.

ரங்கநாதன் 1944இல் சென்னையை விட்டு விலகி, காசி, டெல்லி, ஜூரிச், உஜ்ஜயினி என்று போய்க் கடைசியில் பெங்களூரில் தங்கினார். 1957இல் பத்மஸ்ரீ, 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி. தான் சேர்த்து வைத்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைக்க, சாரதா அம்மாள் பெயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். 1972 செப்டம்பர் 27 அன்று, எண்பதாவது வயதில் காலமானார்.

நம்ம ஊருக்கு வருவோம்

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்து கல்லூரி ஸ்டேஷனில் மாலை நேரம் கொஞ்சம் நின்று காது கொடுத்துப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். ஆவடி டாங்கி தொழிற்சாலையும் ராணுவக் குடியிருப்புகளும் வந்த காலத்திலிருந்தே நம் பக்கம் பல மொழிக்காரர்கள் உண்டு. இப்போது அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கேயிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். பட்டாபிராமில் 2024இல் 21 மாடி டைடல் பூங்காவே திறந்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் ஓர் அம்மா நூலக வாசலில் வந்து நிற்பார். பீகார் பக்கம். வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் வேலை. பெண் குழந்தை இங்கே அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. குழந்தை உள்ளே ஓடி வரும், அம்மா வாசல்படி தாண்ட மாட்டார். நூலகத்தில் அன்று இந்திக் கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் சொன்னேன். அவர் பேரப்பிள்ளைகள் படித்துவிட்டு வைத்திருந்த இந்திப் படக்கதைகள் பதினைந்து இருபதைக் கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு, வாங்க பஹன்ஜி, உட்காருங்க என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அம்மா பிள்ளைக்கு இந்திக் கதை வாசித்துக் காட்ட, பிள்ளை அம்மாவுக்குத் தமிழ்ப் படக்கதையை வாசித்து அர்த்தம் சொல்லும். ஆறு மாதத்தில் அந்த அம்மா பஸ் போர்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தி வந்ததால் தமிழ் கெட்டுப் போகவில்லை. வீட்டு மொழி வழியாகத்தான் அந்தக் குடும்பத்துக்குள் தமிழ் நுழைந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, ஆங்கிலப் பாடப் புத்தகம் ஹார்லெம் நூலகம் மாதிரிதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால் போதும், கதவு திறந்துவிடும்.

ஆகவே, நண்பர்களே, மூன்று வேண்டுகோள். ஒன்று, உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள், பக்கத்து வீட்டு வடநாட்டுக் குடும்பத்தையும் கையோடு கூட்டிப் போங்கள். இரண்டு, தெலுங்கு, இந்திக் குழந்தைப் புத்தகங்கள் வேண்டும் என்று வாசகர் வட்டத்தின் மூலம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டால்தான் வாங்குவார்கள். மூன்று, மாணவத் தம்பி தங்கைகளுக்கு. தமிழக அரசு 2022இல் நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் நூலகப் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போய், வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கொடுக்கும் திட்டம். அது மன்னார்குடி மாட்டு வண்டியின் பேரப்பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நூலகத்தில் விசாரியுங்கள், ஒரு பை கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கநாதனுக்கு மாலை போடுவதை விட, அவர் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையை நூலகத்துக்குள் கூட்டிப் போவது மேல். அடுத்த சந்திப்புக்கு வரும்போது எத்தனை பேரைக் கூட்டிப் போனோம் என்று நாம் கணக்குப் பார்ப்போம். கணக்கு வாத்தியார் ஆச்சே, கணக்கு கேட்காமல் விடமாட்டார்.

வாழ்க நம் கல்லூரி, வளர்க வாசிப்பு.